வைக்கோல் பாக்டீரியாவின் மஞ்சள் ரகசியம்

உதட்டோரம் வெடித்துப் புண்ணானால் டாக்டர் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதித் தருவார். விழுங்கிய சில மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். மஞ்சள்காமாலையோ என்று வீட்டில் ஒரு கலவரமே நடக்கும்! பயப்பட ஒன்றுமில்லை. அது ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சம் வெளியேறுகிறது.

நம் உடம்புக்கு இதைத் தயாரிக்கத் தெரியாது. பால், முட்டை, கீரை என்று சாப்பிட்டுத்தான் பெற வேண்டும். ஆனால் மண்ணிலும் வைக்கோலிலும் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவுக்கு இது கைவந்த கலை. அறுவடை முடிந்து போட்டிருக்கும் வைக்கோற்போர் இதற்கு ஏற்ற வீடு. வைக்கோல் ஊறிய நீரைக் கொதிக்க வைத்தாலும் தன் வித்துகளால் இது பிழைத்துக்கொள்ளும். ஜெர்மானிய விஞ்ஞானி ஃபெர்டினாண்ட் கோன் 1870-களிலேயே இதைக் கண்டு எழுதிவிட்டார்.

ஒரே ஒரு ரைபோஃப்ளேவின் மூலக்கூறு செய்யப் பல மூலப்பொருள்களும் வரிசையாகப் பல நொதிகளும் வேண்டும். தேவைக்கு மேல் செய்தால் நஷ்டம்தான். அந்த நொதிகளுக்கான மரபணுக்கள் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து நிற்கின்றன. சரி, போதும் என்று அவற்றை நிறுத்துவது யார்?

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை இருக்கிறதல்லவா? தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறிக் குழாயை அடைக்கும். தண்ணீரே தண்ணீரை நிறுத்துகிறது. இங்கேயும் அதே கதைதான்.

மரபணுவைப் பார்த்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும்போது முதலில் வெளிவருவது ஒரு முன்வால். அது மடிந்து ஒரு பொந்துபோல ஆகும். ரைபோஃப்ளேவினிலிருந்து உண்டாகும் எஃப்.எம்.என். என்ற பொருள் செல்லில் நிறைய இருந்தால், அது அந்தப் பொந்துக்குள் கச்சிதமாக உட்காரும். உடனே அடுத்த பகுதி கொண்டை ஊசிபோல வளையும். நகலெடுக்கும் இயந்திரம் பாதியிலேயே கழன்றுவிடும். மரபணுக்கள் நகலாகாமலே வேலை நின்றுபோகும். எஃப்.எம்.என். குறைந்தால் முன்வால் வேறு விதமாக மடியும், நகலெடுப்பு கடைசிவரை ஓடும்.

இப்படித் தடுப்பதற்கு ஒரு புரதம் இருந்தாக வேண்டும் என்றே பலரும் நினைத்தார்கள். தேடியும் அகப்படவில்லை. 2002-இல் அமெரிக்காவில் எவ்ஜெனி நுட்லர் குழுவும் ரொனால்ட் பிரேக்கர் குழுவும் தனித்தனியே, ஆர்.என்.ஏ.வே இந்த வேலையைச் செய்கிறது என்று காட்டின. இதற்கு ‘ரைபோஸ்விட்ச்’ என்று பெயர். என்னைக் கேட்டால், இவ்வளவு சிக்கனமான ஸ்விட்ச்சை எந்தத் தொழிற்சாலையிலும் பார்க்க முடியாது.

இந்த ஸ்விட்ச்சை ஏமாற்றவும் ஆள் உண்டு. ரோசியோஃப்ளேவின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ரைபோஃப்ளேவின் மாதிரியே வேடமிட்டு உள்ளே நுழையும். அதைத் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாக்கள் சிலவற்றில் ஸ்விட்ச் பழுதாகியிருக்கும். நிறுத்தத் தெரியாமல் அவை வைட்டமினைச் செய்து குவிக்கும். தொழிற்சாலைக்காரர்களுக்கு வேண்டியது அப்படிப்பட்ட பாக்டீரியாதான்!

அடுத்த முறை பால் திரிந்தால், பிரிந்த நீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். லேசான பச்சை கலந்த மஞ்சள் தெரியும். அது ரைபோஃப்ளேவின்தான். அந்த நீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையக் கொடுங்கள். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் இந்த வைட்டமின் சிதைந்துவிடும்.