'குடியேறிகள் வேலைகளைப் பறிக்கிறார்கள்': டிரம்ப் சொல்வது எவ்வளவு தூரம் சரி?

2024இல் அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தது. நவம்பர் 5ஆம் தேதி வாக்களிப்பு நடைபெற்றது.

குடியரசுக் கட்சி வேட்பாளராக இருந்த டோனல்ட் டிரம்ப்பின் எந்தப் பிரசாரக் கூட்டத்தைப் பார்த்தாலும் இரண்டு விஷயங்கள் கட்டாயம் இருந்தன. ஒன்று, சட்டவிரோதக் குடியேற்றம். மற்றொன்று, வேலை. அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்வது அவர் பாணி. அந்தக் காணொளிகள் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும்.

கேட்கும்போது கணக்கு ரொம்ப எளிது மாதிரி தெரியும்: அவர்கள் போனால் வேலை நமக்கு. உண்மையில் கணக்கு அப்படித்தானா? பார்ப்போம்.

டிரம்ப் என்ன சொன்னார்?

அமெரிக்க வரலாற்றிலேயே ஆகப் பெரிய நாடு கடத்தும் நடவடிக்கையை மேற்கொள்ளப்போவதாக டிரம்ப் வாக்குறுதி தந்தார். அவரது கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் அது இருந்தது. 1954இல் அதிபர் ஐசன்ஹவர் காலத்தில் மெக்சிக்கோ நாட்டவரைப் பெருமளவில் வெளியேற்றிய நடவடிக்கையை அவர் முன்மாதிரியாகக் காட்டினார்.

வேலைகளை உருவாக்க அவர் முன்வைத்த வழிகளில் மூன்று முக்கியமானவை:

- இறக்குமதிப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் 10 முதல் 20 விழுக்காடு வரி, சீனப் பொருள்களுக்கு 60 விழுக்காடு
- அமெரிக்காவிலேயே பொருள் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு வரியை 21 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காட்டுக்குக் குறைப்பது
- குடியேறிகளைக் குறைத்து, அந்த வேலைகளை அமெரிக்கர்களுக்குத் தருவது

மூன்றாவதுதான் அதிகம் பேசப்பட்டது. 2024 ஜூன் மாதம் ஜோ பைடனுடன் நடந்த விவாதத்தில், குடியேறிகள் கறுப்பினத்தவரின் வேலைகளையும் ஹிஸ்பானியர்களின் வேலைகளையும் எடுத்துக்கொள்வதாக டிரம்ப் சொன்னார். "அது என்ன, கறுப்பினத்தவருக்கென்று தனி வேலை?" என்று பலர் கோபப்பட்டார்கள்.

'சட்டவிரோதக் குடியேறிகள்' யார்?

பியூ ஆய்வு நிலையத்தின் மதிப்பீட்டின்படி, 2022இல் அமெரிக்காவில் சட்டபூர்வ அனுமதி இல்லாமல் இருந்தவர்கள் சுமார் 11 மில்லியன் பேர். எல்லாரும் எல்லையைத் தாண்டி வந்தவர்கள் இல்லை. விசாவோடு விமானத்தில் வந்து, காலாவதியான பிறகும் தங்கிவிட்டவர்கள் நிறைய பேர். இந்தியாவைச் சேர்ந்தவர்கள் மட்டுமே சுமார் 725,000 பேர்.

மொத்த 11 மில்லியனில் வேலை செய்தவர்கள் சுமார் 8.3 மில்லியன். அமெரிக்க ஊழியரணியில் அது 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். பிரசார மேடையில் இந்தச் சொல் அதைவிடப் பெரிய கூட்டத்தைக் குறித்தது. ஒஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஹெய்ட்டி நாட்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் மாத விவாதத்தில், அவர்கள் செல்லப்பிராணிகளைச் சாப்பிடுவதாக ஆதாரமே இல்லாமல் டிரம்ப் சொன்னாரே, அவர்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் அப்போது தற்காலிகப் பாதுகாப்புத் தகுதி போன்ற சட்டபூர்வ அனுமதியோடு இருந்தவர்கள். அங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள். அந்தத் தகுதியையே ரத்து செய்யப்போவதாக டிரம்ப் கூறினார்.

அந்த 107 விழுக்காடு எங்கிருந்து வந்தது?

2024 ஜூலையில் மில்வாக்கியில் நடந்த கட்சி மாநாட்டில், உருவான வேலைகளில் 107 விழுக்காட்டைச் சட்டவிரோதக் குடியேறிகள் எடுத்துக்கொண்டதாக டிரம்ப் சொன்னார். நூற்றுக்கு மேல் எப்படிப் போகும் என்று நீங்கள் யோசிக்கலாம். அதற்கு ஒரு விளக்கம் உண்டு.

அமெரிக்கத் தொழிலாளர் துறை ஊழியர்களை இரண்டாகப் பிரித்து எண்ணுகிறது: அமெரிக்காவில் பிறந்தவர்கள், வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஓராண்டில் இரண்டாவது எண்ணிக்கை கூடி, முதலாவது கொஞ்சம் குறைந்தால், கூடிய வேலைகளில் 'நூற்றுக்கு மேல்' வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குப் போனது போலக் கணக்கு வரும். அப்போது அப்படித்தான் நடந்தது.

ஆனால் இதில் இரண்டு விஷயங்கள் விடுபடுகின்றன.

முதலாவது, 'வெளிநாட்டில் பிறந்தவர்' என்றால் 'சட்டவிரோதமாக வந்தவர்' என்று அர்த்தமில்லை. 2023இல் அமெரிக்க ஊழியரணியில் இருந்த வெளிநாட்டில் பிறந்தவர்கள் சுமார் 31 மில்லியன் பேர். குடியுரிமை பெற்றவர்கள், பச்சை அட்டை வைத்திருப்பவர்கள், வேலை விசாவில் இருப்பவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். அந்தக் கணக்கெடுப்பு யாருடைய சட்டபூர்வ நிலையையும் கேட்பதே இல்லை. 2024 தேர்தலில் டிரம்ப்பைத் தீவிரமாக ஆதரித்த எலான் மஸ்க்கும் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்தான். அந்தக் கணக்கில் அவரும் 'வெளிநாட்டில் பிறந்தவர்'.

இரண்டாவது, அமெரிக்காவில் பிறந்த ஊழியர்களின் எண்ணிக்கை குறைய முக்கியக் காரணம் வயது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த பெரிய தலைமுறை இப்போது ஓய்வுபெறுகிறது. 25 முதல் 54 வயதுக்குட்பட்டவர்களைப் பாருங்கள்: 2024இல் சுமார் 84 விழுக்காட்டினர் வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். 2001ஆம் ஆண்டுக்குப் பிறகு அப்போது அதுவே ஆக அதிகம். 2024 செப்டம்பரில் வேலையின்மை விகிதம் 4.1 விழுக்காடு. எல்லாருடைய வேலையும் பறிபோன நாட்டில் இப்படி இருக்காது.

அப்படின்னா யாருக்கும் பாதிப்பே இல்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. இதில் பொருளியல் நிபுணர்களே பல ஆண்டுகளாக மோதிக்கொள்கிறார்கள்.

1980இல் கியூபாவிலிருந்து சுமார் 125,000 பேர் படகுகளில் அமெரிக்கா வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் மயாமியில் தங்கினார்கள். சில மாதங்களில் அந்த நகரின் ஊழியரணி 7 விழுக்காடு கூடியது. டேவிட் கார்ட் என்ற பொருளியல் நிபுணர் அதை ஆராய்ந்து, உள்ளூர்வாசிகளின் சம்பளத்திலோ வேலையிலோ பெரிய பாதிப்பு இல்லை என்று 1990இல் எழுதினார். பின்னாளில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்தார். அவரே கியூபாவிலிருந்து குடியேறியவர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால், அவர்களின் சம்பளம் 10 முதல் 30 விழுக்காடு வரை சரிந்தது என்றார். அவர் கணக்கில் எடுத்தவர்கள் மிகச் சிலர் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: 'அமெரிக்கர்கள்' என்று மொத்தமாகப் பேசினால் பதில் கிடைக்காது. பாதிப்பு இருந்தால், அது முதலில் படிப்பும் சம்பளமும் குறைந்தவர்களுக்குத்தான். டிரம்ப்பின் பேச்சு அவர்களில் பலரைத் தொடுகிறது என்றால், அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

எல்லாரையும் அனுப்பிவிட்டால் வேலை கிடைத்துவிடுமா?

இதையும் அமெரிக்கா ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது.

1942 முதல் 1964 வரை 'பிரசேரோ' என்றொரு திட்டம் இருந்தது. மெக்சிக்கோ ஊழியர்கள் ஒப்பந்தத்தில் வந்து பண்ணைகளில் வேலை செய்துவிட்டுத் திரும்புவார்கள். முழுக்க முழுக்கச் சட்டபூர்வமான திட்டம். உள்ளூர் ஊழியர்களின் சம்பளம் உயரும் என்ற எதிர்பார்ப்பில் அது நிறுத்தப்பட்டது.

நடந்தது வேறு. உள்ளூர்ப் பண்ணை ஊழியர்களின் சம்பளமும் வேலைவாய்ப்பும் எதிர்பார்த்ததுபோல் உயரவில்லை என்று மைக்கல் கிளமென்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தார்கள். கலிஃபோர்னியாவில் தக்காளி பறிக்க இயந்திரங்கள் வந்துவிட்டன. இயந்திரத்தால் பறிக்க முடியாத சில பயிர்களின் சாகுபடி குறைந்தது.

அந்தப் பாடம் இன்றைக்கும் முக்கியம். அமெரிக்க விவசாய அமைச்சின் தரவுப்படி, பயிர்ப் பண்ணைகளில் வேலை செய்வோரில் சுமார் 42 விழுக்காட்டினருக்கு வேலை அனுமதி இல்லை. கட்டுமானத் துறையும் அவர்களைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அங்கே ஒருவரின் வேலை இன்னொருவரின் வேலையோடு பிணைந்தது. சுவர் எழுப்ப ஆள் இல்லையென்றால், மின்கம்பி இழுக்கும் உள்ளூர்க்காரருக்கும் வேலை இருக்காது.

வேலைக்கு எடுப்பவர்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

நல்ல கேள்வி. அனுமதி இல்லை என்று தெரிந்தே ஒருவரை வேலைக்கு எடுப்பது 1986 முதல் அமெரிக்காவில் குற்றம். அனுமதியை இணையத்தில் சரிபார்க்கும் முறையும் இருக்கிறது. ஆனால் நாடு முழுவதும் அது கட்டாயமில்லை.

டிரம்ப் அதிபராக இருந்தபோது, 2019 ஆகஸ்டில் மிசிசிப்பியின் கோழி இறைச்சி ஆலைகளில் ஒரே நாளில் 680 ஊழியர்கள் கைதானார்கள். அன்றுதான் பல இடங்களில் பள்ளியின் முதல் நாள். வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் சிலருக்குக் கதவு திறக்க ஆள் இல்லை. நிர்வாகிகள் நால்வர்மீது குற்றஞ்சாட்ட மேலும் ஓராண்டு ஆனது.

அனுமதி இல்லாத ஊழியர் சம்பள பாக்கியைப் பற்றியோ விபத்தைப் பற்றியோ புகார் செய்யப் பயப்படுவார். அவர் பயப்படும்வரை முதலாளிக்கு அவர் மலிவு. பக்கத்தில் வேலை செய்யும் அமெரிக்கரின் சம்பளத்தை அதுவும் கீழே இழுக்கும். மேடைப் பேச்சுகளில் இந்தப் பகுதி அதிகம் வருவதில்லை.

கமலா ஹாரிஸின் நிலைப்பாடு?

அவரும் அப்போது எல்லைக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கடுமையாகவே பேசினார். 2024 பிப்ரவரியில் செனட்டில் தோற்றுப்போன எல்லைப் பாதுகாப்பு மசோதாவைத் திரும்பக் கொண்டுவந்து கையெழுத்திடுவதாகச் சொன்னார். டிரம்ப் எதிர்த்ததால் குடியரசுக் கட்சியினர் கைவிட்ட மசோதா அது. நீண்டகாலமாக அங்கேயே வாழ்பவர்களுக்குக் குடியுரிமை பெற வழி வேண்டும் என்பதும் அவர் நிலைப்பாடாக இருந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இதில் என்ன?

நம் நிலைமை வேறு. இங்கே வெளிநாட்டு ஊழியர்கள் வேலை அனுமதியோடு வருகிறார்கள். நிறுவனங்கள் அவர்களுக்குத் தீர்வை கட்ட வேண்டும், ஒதுக்கீட்டு வரம்பும் உண்டு. கட்டுமானத் துறையில் ஓர் உள்ளூர் ஊழியருக்கு 7 வெளிநாட்டு ஊழியர்கள் என்றிருந்த வரம்பு, 2024 ஜனவரி முதல் 5 ஆகக் குறைந்தது.

ஆனாலும் 'வெளிநாட்டவர் வேலையை எடுத்துக்கிறாங்க' என்ற பேச்சை நீங்கள் கோப்பிக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டிருப்பீங்க. அடுத்தமுறை அப்படி ஒரு புள்ளிவிவரம் வந்தால், மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்:

- இந்த எண்ணில் யார் யாரைச் சேர்த்திருக்கிறார்கள்?
- பாதிப்பு எந்தச் சம்பளத்தில் இருப்பவர்களுக்கு?
- அவர்களை வேலைக்கு எடுத்தது யார், ஏன்?

2024 நவம்பர் 5இல் யார் வென்றிருந்தாலும், அந்த 8.3 மில்லியன் ஊழியர்கள் மறுநாள் காலையும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அவர்களை என்ன செய்வது என்பதைப் புதிய அதிபர் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.