குத்தகைப் பெயரின் குடியுரிமை

ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவனுடைய நிலம் அவன் பேரிலேயே பட்டாவாகிக் கிடக்கும்; ஆனால் ஒரு பிரதேசத்தின் அடையாளத்தை வாலாகத் தாங்கிய இணையப் பெயரை வைத்திருப்பவன், இருந்த இடத்தைவிட்டு ஓரடியும் நகராமலே, தன் அரசாங்கம் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிக்கொண்ட ஒரே காரணத்தால் அப்பெயரின்மீது தனக்கிருந்த பாத்தியதையை இழந்துவிடக்கூடும் என்பதைப் பிரிட்டிஷ் மக்கள் 2021ஆம் ஆண்டின் முதல் நாளில் அனுபவித்து அறிந்தார்கள்.

‘பெயர் வாங்கினேன்’ என்று சொல்லுவது பேச்சு வழக்கு. உண்மையில் யாரும் வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குரிய ‘.ஈயூ’ என்று முடியும் பெயர்களுக்கெல்லாம் மூலப் பதிவேட்டைப் பெல்ஜியத்திலுள்ள யூரிட் என்ற ஸ்தாபனம் பராமரிக்கிறது. அதற்கும் குத்தகைதாரருக்கும் நடுவே தரகரைப்போல ஒரு பதிவு நிறுவனம் நிற்கிறது. பெயருக்குரியவர் யார், எத்தேசத்தவர், அப்பெயருக்கு நேரான கணினியின் எண்ணைச் சொல்லக்கூடிய சர்வர் எது என்பனவெல்லாம் அப்பதிவேட்டில் அடங்கும். இதில் சர்வரைக் குறிக்கும் வரியை மட்டும் நீக்கிவிட்டால், கணினி ஓடிக்கொண்டேயிருக்கும், அதிலுள்ள பக்கங்களும் பழுதின்றி இருக்கும். ஆயினும் அப்பெயரைக்கொண்டு அங்கே யாரும் வந்து சேர முடியாது. வீடும் இருக்கிறது, வீட்டுக்காரரும் இருக்கிறார்; விலாசந்தான் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இத்தகைய பெயரை ஒரு தேசத்தவரிடமிருந்து மற்றொரு தேசத்தவருக்கு மாற்றுவது, யந்திரத்தைப் பொறுத்தவரையில், அற்ப வேலை. கொடுப்பவர் தம் பதிவு நிறுவனத்திடம் ஒரு ரகசியக் குறியீட்டைப் பெற்று வாங்குபவரிடம் ஒப்படைக்கிறார். அவருடைய நிறுவனம் அதைப் பதிவேட்டுக்குச் செலுத்துகிறது. சில எழுத்துகள் மாறுகின்றன. எந்தப் பொருளும் எல்லையைக் கடப்பதில்லை. தடையெல்லாம் சட்டத்தில்தான். நம்முடைய ‘.இன்’ பெயரை உலகில் எவரும் எடுத்துக்கொள்ளலாம், கனடாவின் ‘.சிஏ’ பெயருக்கோ அந்நாட்டோடு ஏதேனும் சம்பந்தம் காட்ட வேண்டும். ‘.ஈயூ’ விஷயத்தில் முதலில் வாசஸ்தலமே பிரமாணமாயிருந்தது. 2019 அக்டோபரிலிருந்து, ஒன்றியத்தைச் சேர்ந்த நாடொன்றின் பிரஜை எங்கே வசித்தாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று அது விரிந்தது.

இந்தச் சிறு திருத்தத்தின் பலன் விசித்திரமானது. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகியபோது, லண்டனில் அடுத்தடுத்த வீடுகளில் வசித்த இருவரில், அயர்லாந்துப் பிரஜையாகிய ஒருவர் தம் குடியுரிமையைப் பதிவேட்டில் எழுதியதோடு பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, பிரிட்டிஷ் பிரஜையாகிய மற்றவர் அதை இழந்திருப்பார். கம்பெனிகளுக்கு வேறு வழியிருந்தது. டப்ளினிலோ பாரிஸிலோ உள்ள தம் கிளையின் பேருக்குப் பெயரை மாற்றிவிட்டால் போதும். கிளையில்லாத சிறு வியாபாரிதான் திண்டாடினார்.

பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகவேண்டுமென்று ஓங்கிப் பிரசாரம் செய்த ‘லீவ் டாட் ஈயூ’ என்ற இயக்கமே, தன் பெயரின் வாலை விட மனமின்றி, பதிவேட்டில் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு நகரத்து விலாசத்துக்குக் குடிபெயர்ந்தது. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் மிகவும் பொறுமைசாலிகள்! 2021 ஜனவரியில் அப்பெயரையும் யூரிட் நிறுத்திவைத்தது.

அந்தப் புத்தாண்டில் முடக்கப்பட்ட பெயர்கள் 80,000க்கும் அதிகம். தகுதியை நிரூபிக்கச் சில மாதம் அவகாசம் தந்த பின், 2022 ஜனவரியில், எஞ்சியவற்றைத் தகுதியுள்ள யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிட்டார்கள். பழைய பாத்தியதாரர் சற்றே கலங்கவேண்டிய இடம் இதுவே. ஏனெனில் பெயரை எடுத்த புதியவர், அதன் பேரில் வரும் மின்னஞ்சல்களையும் தம் சர்வருக்குத் திருப்பிக்கொள்ளலாம். பழைய வாடிக்கையாளர் அனுப்பிய விலைப்பட்டியல் மட்டுமன்று, மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொல்லி எங்கோ ஒரு கணக்கிலிருந்து வரும் கடிதமும், முன்பின் அறியாத ஒருவருடைய பெட்டியில் போய் விழும்.