விக்ராந்த் போலப் 'பேசிய' ராஜ்புத்: 1971 போரில் வயர்லெஸ்காரர்கள் செய்தது என்ன?

போர்க்கப்பலின் வயர்லெஸ் ஆபரேட்டருக்குப் போர்க்காலத்தில் பாதி வேலை, பேசாமல் இருப்பதுதான். ஒரு சிக்னல் போனாலே போதும், கப்பல் எந்தத் திசையில் நிற்கிறது என்று எதிரி பிடித்துவிடுவான்.

1971-ல் இந்தியக் கடற்படை இதையே தூண்டிலாக்கியது. விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த் அந்தமானில் சத்தமில்லாமல் ஒளிந்திருந்தது. அதைத் தேடி பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வங்கக்கடலுக்கு வந்தது. விசாகப்பட்டினத்துக்கு அப்பால் பழைய நாசகாரிக் கப்பலான ஐ.என்.எஸ். ராஜ்புத், தானே விக்ராந்த் என்பதுபோல வயர்லெஸ்ஸில் சரமாரியாகப் பேசியது.

அதில் ஒரு செய்தி சங்கேதம்கூட இல்லாமல் போனது. மாலுமி ஒருவர், உடல்நிலை மோசமாக இருக்கும் தன் அம்மாவைப் பற்றி விசாரிக்கிறாராம்! போர்க்காலத்தில் இப்படி அனுப்புவது பெரிய தப்பு. அதனால்தான் நம்பும்படி இருந்தது.

காஸி வருவதும் இப்படித்தான் தெரிந்தது. நீர்மூழ்கிகளுக்குப் பயன்படும் ஒருவகை மசகு எண்ணெய் சிட்டகாங்கில் கிடைக்குமா என்று கேட்ட பாகிஸ்தான் சிக்னல், இந்தியர்கள் காதில் விழுந்துவிட்டது.

டிசம்பர் 3 நள்ளிரவில் விசாகப்பட்டினம் அருகே காஸி மூழ்கியது. யாரும் பிழைக்கவில்லை. ராஜ்புத்தின் குண்டுகள்தான் காரணம் என்கிறது இந்தியா. விபத்து என்கிறது பாகிஸ்தான். டிசம்பர் 4-ம் தேதியே விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின.