டிசம்பர் நிழல் எங்கே விழும்?

கொல்லையில் தோட்டம் போடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் எல்லோரும் முதலில் விதை வாங்கத்தான் கிளம்புவார்கள். நீங்கள் அவசரப்படாதீர்கள். ஒரு விடுமுறை நாள் முழுக்கக் கொல்லையில் நிழல் எங்கெங்கே விழுகிறது என்று பாருங்கள். தோட்டத்துக்கான திட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

செடி தன் உணவை இலையில் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்கான ஆற்றல் வெயிலிலிருந்து கிடைக்கிறது. கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய் போன்றவற்றுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது குறைந்தால் செடி மெலிந்து உயரும், இலை விடும், ஆனால் காய் சரியாகப் பிடிக்காது. தண்ணீரும் எருவும் எவ்வளவு கொடுத்தாலும் வெயிலின் குறையை ஈடுகட்ட முடியாது.

கொஞ்சம் கோலமாவு எடுத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்கு வீட்டின் நிழல் எதுவரை விழுகிறதோ, அந்த ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். 12 மணிக்கு ஒரு கோடு, 3 மணிக்கு இன்னொரு கோடு. மதில் சுவர், மரம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றின் நிழலுக்கும் இப்படியே செய்யுங்கள். அரிசிமாவு வேண்டாம், எறும்புகள் கோட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும், கல்மாவு நல்லது. பிறகு ஒரு கட்டத்தாளில், ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்துக்கொண்டு, கொல்லையையும் இந்தக் கோடுகளையும் வரையுங்கள். மூன்று வேளையும் நிழல் படாத இடம்தான் காய்கறிப் பாத்திக்கு ஏற்றது.

ஆனால் இந்தப் படம் ஆண்டு முழுவதும் செல்லாது. தமிழ்நாட்டில் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூமியின் அச்சு ஏறக்குறைய 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் உச்சிப்பொழுதில் சூரியன் நிற்கும் இடம் மாதத்துக்கு மாதம் வடக்கும் தெற்குமாக நகர்கிறது. டில்லியில் சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர் மேலே வருவதில்லை. உச்சிப்பொழுதில் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் இருக்கும். நம் ஊர்களில் அப்படி இல்லை. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு சில மாதங்களுக்கு வடபுறமாக நின்று, சென்னையில் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே போகிறது.

இதில் தோட்டக்காரருக்கு என்ன சிக்கல்? உங்கள் கொல்லை வீட்டுக்கு வடக்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடிப் பட்டத்தில் விதைக்கிறீர்கள். அப்போது உச்சி வெயில் வடபக்கத்திலிருந்து வருவதால், சுவரை ஒட்டிய இடத்திலும் நல்ல வெயில் இருக்கும். நம்பி அங்கே கத்தரி வைக்கிறீர்கள். செடி வளர்ந்து காய்க்கும் ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் தெற்கே போயிருக்கும். வீட்டின் நிழல் பாத்தியின் மேல் விழும். எரு போதவில்லை, பூச்சி விழுந்துவிட்டது என்றெல்லாம் பெரியவர்கள் காரணம் தேடுவார்கள். நிழலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

டிசம்பர் நிழலை ஜூலையிலேயே கணக்குப் போட்டுவிடலாம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பெரியவர் ஒருவர் கயிறு விட்டு, வீட்டின் உயரத்தை அளந்து சொல்லட்டும். சென்னையில் டிசம்பர் 21-ஐ ஒட்டி நண்பகல் நிழலின் நீளம், உயரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 12 அடி உயர வீடு என்றால் வடக்கே 9 அடி. கிழக்கு மேற்காக நீண்ட வீடானால் அந்த 9 அடிக்குள் அன்று முழுவதும் நேர் வெயில் படாது. மதுரையில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், 8 அடி வரும். ஜூன் 21-இல் அதே சென்னை வீட்டின் நண்பகல் நிழல் தெற்கே இரண்டடிக்குச் சற்று மேல்தான். ஆகவே வரைபடத்தில் டிசம்பர் நிழலை நீலத்தில் தனியாக வரையுங்கள்.

நிழல் விழும் இடம் வீண் என்று நினைக்க வேண்டாம். இஞ்சி, மஞ்சள், கற்பூரவல்லி எல்லாம் அரை நிழலைத் தாங்கும். ஈரமும் இருந்தால் வல்லாரை நன்றாகப் படரும். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை வளர்த்து அதன் மேல் கொடியை ஏற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கொடிக்கு வேண்டிய இளநிழலை அகத்தி தருகிறது. நிழலையே திட்டமிட்டு உண்டாக்கும் விவசாயம் அது.

அடுத்தது தண்ணீர். அடுப்படித் தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் இடத்தையும், மண் எந்தப் பக்கம் சரிகிறது என்பதையும் படத்தில் அம்புக்குறியாகப் போடுங்கள். அகன்ற இலை வழியாக நிறைய நீரை ஆவியாக்கும் வாழைக்கு அந்த வழி பொருத்தமானது. அங்கே சேம்பும் கல்வாழையும் வைக்கலாம். நீர் தேங்கி நிற்கக் கூடாது. தேங்கினால் கொசு முட்டையிடும். சோப்புத்தூள் கரைந்த துணி துவைத்த நீரைக் காய்கறிக்கு விட வேண்டாம்.

மண்ணை அறிய ஒரு கண்ணாடி பாட்டில் போதும். கால் பாகம் மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களிமண் மறுநாளும் நீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். களி மிகுந்தால் பாத்தியை உயர்த்திப் போடுங்கள், மணல் மிகுந்தால் மக்கிய எருவைக் கூட்டுங்கள்.

மரங்களை மட்டும் இன்றைய அளவில் வரையாதீர்கள், வளர்ந்தபின் இருக்கும் அளவில் வரையுங்கள். இரண்டு தென்னைகளுக்கு நடுவே 25 அடி இடம் விடுவது வழக்கம். மாமரத்தின் அடியில் நிழல் அடர்த்தியாக இருக்கும். முருங்கையின் சிற்றிலைகள் வெயிலை ஓரளவு கீழே விடும். ஆனால் முருங்கைக் கிளை எளிதில் முறியும், அதனால் மின்கம்பிக்கும் கூரைக்கும் தள்ளி வையுங்கள்.

உங்கள் கட்டத்தாளின் மூலையில் தேதியை எழுதி வையுங்கள். டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை வரும்போது அதே மூன்று வேளைகளில் மறுபடி கோலமாவுக் கோடு போட்டு, உங்கள் நீலக் கோடு எவ்வளவு சரி என்று சரிபாருங்கள்.