'நீங்கள்' என்றால் கோபம் ஏன்?

திருவனந்தபுரம் ஆரியசாலையில் நடந்தால் பாதி நாகர்கோவில் மாதிரி இருக்கும். கடைப் பலகையில் தமிழ், பேரமும் தமிழ். கன்னியாகுமரி ஜில்லா 1956 நவம்பர் 1-ல் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்த பிறகும் காலை ரயிலில் நம்மவர்கள் வந்தபடிதான் இருக்கிறார்கள். மலையாளம் சுலபம் என்றும் எண்ணிவிடுகிறார்கள். இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்களில்தான் சங்கடம்.

'வெள்ளம்' குடிதண்ணீர், 'பட்டி' நாய், 'சம்சாரம்' பேச்சு. ("சம்சாரிக்கணும்" என்று சக ஊழியர் கூப்பிட்டதும், வீட்டில் சம்சாரத்துக்கு என்னவோ என்று பதறியவன் நான்.) இவை சிரித்துவிட்டுப் போகக் கூடியவை.

'நீங்கள்' அப்படியல்ல. வந்த புதிதில், டிக்கெட் கவுண்ட்டரில் ஒரு முதியவரிடம் மரியாதையாக, "நிங்ஙள் எவிடேக்கா?" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "நிங்ஙளோ?" என்றார். வரிசையே எட்டிப் பார்த்தது. பெரியவர்களிடம் இங்கே அந்தச் சொல் ஆகாது, 'சார்', 'சேட்டன்', 'சேச்சி' என்று முறை சொல்லித்தான் பேச வேண்டும் என்று பக்கத்துக் கவுண்ட்டர்க்காரர் பிறகு விளக்கினார். ஆரியசாலைக் கடைகளுக்கு வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் வாடிக்கை போய்விடும்.

டென்மார்க்குக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு வேறு விதமான சோதனை. அங்கே மரியாதைச் சொல்லான 'டீ' 1960-களின் கடைசியிலிருந்து அநேகமாக மறைந்துவிட்டது. வாத்தியாரையும் 'டூ', அதாவது 'நீ' என்றுதான் பேச வேண்டும். கூப்பிடுவதும் பெயர் சொல்லித்தான். நம் பிள்ளைகளுக்கு நாக்கு எழுமா?

மறுமாதம் அதே முதியவர் வந்தார். "சார் எவிடேக்கா?" என்றேன்.

"கொல்லம், ரண்டு" என்றார்.