பெட்டிக்கும் பெயர் வேண்டும்

தேத்தண்ணியைக் குடியுங்கள் தம்பி, நீங்கள் செய்த விண்ணப்பப் படிவத்தைப் பற்றிப் பேசுவோம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கண் தெரியாத ஒருவர் அதை எப்படி நிரப்புவார்?

அவருடைய கணினியில் என்விடிஏ இருக்கும். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கியது, இன்றும் இலவசம். ‘டேப்’ விசையை அழுத்தி அழுத்திப் பெட்டி பெட்டியாகப் போவார். உங்கள் படிவத்தில் ஒவ்வொரு தடவையும் ‘எடிட், பிளாங்க்’ என்றுதான் கேட்கும். எழுதலாம் என்று தெரியும்; பெயரையா, முகவரியையா என்று தெரியாது. பக்கத்தில் நீங்கள் எழுதிய ‘முழுப்பெயர்’ கண்ணுக்குத்தான் பக்கம். நிரலில் இரண்டுக்கும் தொடுப்பே இல்லை.

தொடுப்பது சின்ன வேலை. பெட்டிக்கு ஒரு ‘ஐடி’ கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் எழுத்தை ‘லேபல்’ ஆக்கி, அதன் ‘ஃபோர்’ என்ற இடத்தில் அதே ஐடியைப் போடுங்கள். இனி ‘முழுப்பெயர்’ என்று காதில் விழும். லேபலைத் தொட்டாலே பெட்டிக்குள் போய்விடலாம் என்பதால் கை நடுங்குகிறவருக்கும் இது உதவி. பெட்டிக்குள் மங்கலாக எழுதிவைப்பது லேபல் ஆகாது. தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும்.

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியதில் 12 இலக்கம். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிழை வந்தால் பெட்டியின் ஓரத்தைச் சிவப்பாக்கிவிட்டு நிற்காதீர்கள். சிவப்பு காதில் கேட்காது. என்ன பிழை, எப்படித் திருத்துவது என்று எழுதி, அதையும் பெட்டியோடு தொடுத்துவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இணையத்தையும் அணுகத்தக்கதாக்கச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கரடியனாற்றுப் பக்கமிருந்து பஸ் ஏறி, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு செங்கலடிப் பிரதேச செயலகத்துக்கு வருகிற ஒருவருக்குத்தான் வீட்டிலிருந்தே நிரப்பும் படிவம் எல்லாரையும்விட அதிகம் தேவை. அவரையே அது வெளியில் நிறுத்தக் கூடாது.

இன்றிரவு மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் உங்கள் படிவத்தை முழுதாக நிரப்பிப் பாருங்கள். பிறகு என்விடிஏயைப் போட்டு, திரையை அணைத்துவிட்டு இன்னொரு தடவை. வெளியிடுமுன் என்விடிஏயை அன்றாடம் பாவிக்கிற ஒருவரிடம் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். அவர் திணறுகிற இடத்தைத் திருத்திய பிறகு வெளியிடுங்கள்.