எடைக்குறைப்பு மருந்துகளும் காலம் வைக்கும் சோதனையும்

உடல் எடையைக் குறைக்கவென்று கடந்த நூறாண்டுகளில் சந்தைக்கு வந்த மருந்துகளில் பல, சொன்னபடியே எடையைக் குறைத்தன. ஆயினும் இதயத்தையோ நுரையீரலையோ கண்ணையோ மனத்தையோ அவை கெடுத்தன என்று பின்னர் தெரியவந்ததால் திரும்பப் பெறப்பட்டன. இன்று செமாகுளுடைடு, டிர்செபடைடு என்னும் இரு மருந்துகள், வாரம் ஒரு முறை தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் ஊசிகளாக உலகெங்கும் பரவியிருக்கின்றன. இந்தியாவில் டிர்செபடைடு 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரிலும், எடைக்குறைப்புக்கான செமாகுளுடைடு ஊசி அதே ஆண்டு ஜூனில் வெகோவி என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தன. செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரையிலானது என்பதால், அதன்பின் உள்நாட்டு நிறுவனங்களின் விலை குறைந்த ஊசிகளுக்கும் வழி திறக்கிறது. இவற்றைப் பல்லாண்டு பயன்படுத்துவது எவ்வளவு பாதுகாப்பானது என்று அறிய விரும்புவோர், முந்தைய மருந்துகளின் கேடுகள் எப்படி வெளிப்பட்டன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், டைநைட்ரோஃபீனால் என்னும் வேதிப்பொருள் எடையைக் குறைப்பதாக அறிவித்தனர். முதல் உலகப் போரில் வெடிமருந்துத் தயாரிப்புக்குப் பயன்பட்ட அது, உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலை உடலணுக்கள் பயன்படுத்தவிடாமல் வெப்பமாக வீணாக்கச் செய்வது. உடல் வெப்பம் கட்டுமீறி உயர்ந்து சிலர் இறந்தனர்; இளம் பெண்கள் பலருக்குக் கண்புரை வந்தது. 1938இல் அமெரிக்காவில் புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகே அதன் விற்பனை முடிவுக்கு வந்தது. 1965இல் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளில் பசியடக்கும் மருந்தாக அறிமுகமான அமினோரெக்ஸ், இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும் நோயை உண்டாக்கியதால், மூன்றே ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது.

இவ்வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய பகுதி ஃபென்ஃபுளூரமின் என்ற மருந்தைப் பற்றியது. 1973இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்தை, பசியைக் குறைக்கும் மற்றொரு மருந்தான ஃபென்டர்மினுடன் சேர்த்துக் கொடுத்தால் நல்ல பலன் கிடைக்கிறது என்று, 121 பேரை மட்டுமே கொண்ட ஓர் ஆய்வு 1992இல் கூறியது. அதன்பின் 1996ஆம் ஆண்டில் மட்டும் இவ்விரு மருந்துகளுக்கும் அங்கே எழுதப்பட்ட மருந்துச்சீட்டுகள் 1 கோடியே 80 லட்சத்தைத் தாண்டின. வட டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் எக்கோ பரிசோதனை செய்துவந்த ஒரு பெண் பணியாளர், இதய நோய்க்கான வேறு காரணம் ஏதுமில்லாத பெண்களின் இதய வால்வுகள் தடித்து, சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிவதைத் திரையில் கண்டு, அவர்களெல்லாம் இந்த மருந்துகளை உட்கொண்டவர்கள் என்பதையும் கவனித்தார். 1997 ஜூலையில் மேயோ மருத்துவ நிலையம், ஃபார்கோ மருத்துவர்களுடன் சேர்ந்து, இத்தகைய 24 பெண்களைப் பற்றி அறிவித்தது. அறுவை சிகிச்சைக்கு உட்பட்டவர்களின் வால்வுகள் வெண்மையாகப் பளபளத்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபென்ஃபுளூரமின் திரும்பப் பெறப்பட்டது. வால்வுகளில் உள்ள செரடோனின் ஏற்பி ஒன்றை இம்மருந்து தூண்டி, அங்குள்ள திசுவை வளரச் செய்தது என்ற காரணம் பின்னரே விளங்கியது. இருபதாண்டுகளுக்கு மேல் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துவந்த ஒரு மருந்தின் கேட்டை முதலில் கண்டது ஒரு பரிசோதனைக் கூடப் பணியாளரின் கூர்ந்த பார்வை என்பது மருத்துவ உலகம் மறக்கக் கூடாத செய்தியாகும்.

ஆனால் மறக்கவே செய்தது. உடலுக்குள் சென்றதும் ஃபென்ஃபுளூரமினைப் போலவே நார்ஃபென்ஃபுளூரமின் என்ற பொருளாக மாறும் பென்ஃபுளூரெக்ஸ், பிரான்சில் 1976 முதல் மீடியேட்டர் என்ற பெயரில், பருமனான நீரிழிவு நோயாளிகளுக்கென விற்கப்பட்டது; எடையைக் குறைப்பதற்காகவும் பரவலாக எழுதப்பட்டது. அதை ஏறத்தாழ 50 லட்சம் பேர் உட்கொண்டனர். பிரெஸ்ட் நகர நுரையீரல் மருத்துவர் இரேன் ஃபிராஷோன் தம் நோயாளிகளின் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டியெடுத்து, வால்வு நோய்க்கும் இந்த மாத்திரைக்கும் உள்ள தொடர்பை நிறுவப் போராடிய பிறகுதான், 2009இல், அதாவது அமெரிக்க எச்சரிக்கைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அது நிறுத்தப்பட்டது. 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் தயாரிப்பாளரான செர்வியே நிறுவனத்தை ஏமாற்றுக் குற்றத்துக்காகவும் கவனக்குறைவால் உயிரிழப்பு விளைவித்ததற்காகவும் தண்டித்தது.

அனுமதிக்கு முன் நடக்கும் சோதனைகளில் இத்தகைய கேடுகள் ஏன் அகப்படுவதில்லை என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 3,000 பேருக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, ஒருவருக்கும் குறிப்பிட்ட ஒரு கேடு வரவில்லை என்றாலும், அதன் அபாயம் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் இராது என்று மட்டுமே 95 சதவீத உறுதியுடன் சொல்ல முடியும். அதே மருந்தைப் பத்து லட்சம் பேர் எடுத்துக்கொள்ளும்போது, அந்த ஆயிரத்தில் ஒன்று ஆயிரம் மனிதர்களாகிவிடும். மெல்ல வளரும் கேடுகளோ, எத்தனை பேரைச் சேர்த்தாலும் ஓராண்டுச் சோதனையில் தலைகாட்டுவதில்லை. எடுத்துக்காட்டாக, சிபுட்ரமின் என்ற எடைக்குறைப்பு மருந்து 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதய நோயோ நீரிழிவோ உள்ள ஏறத்தாழ 9,800 பேரை மூன்றாண்டுகளுக்கு மேல் கவனித்த பிறகே, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்து சேராத போலி மாத்திரை பெற்றவர்களில் 10 சதவீதத்தினருக்கும் மருந்து பெற்றவர்களில் 11.4 சதவீதத்தினருக்கும் வந்தது தெரிந்து, 2010இல் அது திரும்பப் பெறப்பட்டது. 2012இல் அனுமதி பெற்ற லார்காசெரின், 12,000 பேர் பங்கேற்ற ஆய்வில் புற்றுநோய் சற்றே கூடுதலாகக் காணப்பட்டதால் 2020இல் நின்றது. மனச்சோர்வை உண்டாக்கியதால் ஐரோப்பாவில் 2008இல் நிறுத்தப்பட்ட ரிமோனபன்ட் என்ற மருந்தை இந்தியா 2009இலும், சிபுட்ரமினை 2011இலும் தடை செய்தது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், இன்றைய ஊசிகளின் நிலை முந்தையவற்றைவிடத் தெளிவாகவே மேலானது. உணவு உண்டதும் குடலில் சுரந்து, இன்சுலினைத் தூண்டி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, வயிறு நிறைந்த உணர்வை மூளைக்கு உணர்த்தும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை இவை போலச் செய்கின்றன. இவ்வகையில் முதலாவதான எக்செனடைடு 2005 முதலே நீரிழிவுக்குப் பயன்படுவதால், ஏறத்தாழ இருபதாண்டு அனுபவம் கையில் இருக்கிறது. இதய நோயும் கூடுதல் எடையும் உள்ள, நீரிழிவு இல்லாத 17,604 பேரை 41 நாடுகளில் சராசரியாக 40 மாதங்கள் கவனித்த செலெக்ட் ஆய்வில், இதய நோய் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை போலி ஊசி பெற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கும் செமாகுளுடைடு பெற்றவர்களில் 6.5 சதவீதத்தினருக்கும் நேர்ந்தன. இதயத்துக்கு நன்மை செய்வதாக இவ்வளவு பெரிய ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்ட எடைக்குறைப்பு மருந்து இதற்கு முன் இருந்ததில்லை.

அதே ஆய்வில், பக்கவிளைவுகளால் மருந்தைக் கைவிட்டோர் 16.6 சதவீதம், போலி ஊசி பெற்றவர்களில் 8.2 சதவீதம். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை பொதுவானவை. பித்தப்பைக் கற்களும், அரிதாகக் கணைய அழற்சியும் வரக்கூடும். எலிகளில் ஒருவகைத் தைராய்டு கட்டி தோன்றியதால், மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது விதி, மனிதர்களிடம் அத்தொடர்பு நிறுவப்படவில்லை என்றாலும். பார்வை நரம்புக்கு இரத்த ஓட்டம் தடைபட்டுத் திடீரெனப் பார்வை குறையும் நோய், செமாகுளுடைடைப் பயன்படுத்தும் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரை வரக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் அறிவித்தது. இம்மருந்து நீரிழிவுக்கு அனுமதி பெற்றது 2017இல் என்பதைக் கருதினால், மேலே சொன்ன கணக்கு இங்கும் மெய்யாவது புரியும்.

தசை இழப்பைப் பற்றி இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டும். செமாகுளுடைடு ஆய்வொன்றில் உடலமைப்பு அளக்கப்பட்டவர்களிடம், குறைந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத திசுவாக இருந்தது. ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிடக் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருக்கும் இந்திய உடலமைப்புக்கு, அதிலும் அறுபதைக் கடந்தவர்களுக்கு, இது சிறிய செய்தியன்று. புரதம் போதிய அளவில் உண்பதும், தசைக்கு வேலை கொடுக்கும் உடற்பயிற்சியும் இம்மருந்தோடு சேர்ந்தே தொடங்கப்பட வேண்டும். ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது என்பதும் ஆய்வில் தெரிந்ததே. ஆகவே இது காலமெல்லாம் தொடர வேண்டிய மருந்தாகிறது, ஆய்வுகளோ பெரும்பாலும் நான்காண்டுக்கு உட்பட்டவை. உடல் பருமனால் நீரிழிவும் இதய நோயும் வந்தவருக்கு இந்த இடைவெளியை ஏற்றுக்கொள்வது நியாயமான முடிவு. திருமணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைய விரும்பும் உடல்நலமுள்ளவருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

ஊசியைப் பயன்படுத்துவோர், எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும் மயக்க மருந்து மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். இரைப்பையில் தங்கிய உணவு மூச்சுக்குழலுக்குள் செல்லும் அபாயம் உண்டு. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் செமாகுளுடைடை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். எதிர்பாராத உடல் தொல்லை எதுவாயினும், அதை மருத்துவரிடம் சொல்வதோடு நின்றுவிடாமல், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவிக்கலாம்; 1800-180-3024 என்ற அதன் கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளே நேரடியாகப் பேசலாம்.